கிளேரின் ரத்தம் ஏன் நேதனுக்குக் கிடைக்கவில்லை?

சிஸ்டர் பதில்கள்
அறுவைசிகிச்சை வார்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் எழுதும் பகுதி

கேள்வி: சிஸ்டர், 'ஹீரோஸ்' என்ற அமெரிக்க சீரியலை இப்போதுதான் முழுதாகப் பார்த்து முடித்தேன். அதில் கிளேர் பென்னட்டுக்கு எந்தக் காயமும் உடனே ஆறிவிடுகிறது. ஆனால் அந்த சக்தி சீசனுக்கு சீசன் மாறுவதுபோல் இருக்கிறதே? காயங்களையே பார்த்துப் பழகிய உங்களுக்கு எப்படித் தோன்றியது?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: நானும் அந்த சீரியலை விடாமல் பார்த்தவள்தான் அம்மா. முதல் சீசனை எழுதியவர்கள் காயம் எப்படி ஆறும் என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள். 2006 செப்டம்பரில் வந்த முதல் எபிசோடிலேயே, டெக்சாஸில் ஒடெஸா என்ற ஊரில் படிக்கும் கிளேர் உயரத்திலிருந்து குதிக்கிறாள், நண்பன் ஸாக் அதை வீடியோ எடுக்கிறான். விழுந்தவள் எழுந்து, இடம் பிசகின தோளைத் தானே தள்ளி உள்ளே சேர்க்கிறாள். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது. எலும்பு கூடுவது வேறு, நேராகக் கூடுவது வேறு. மாவுக்கட்டுக்கு முன்னால் டாக்டர் இழுத்து நேராக்குவது அதற்காகத்தான். கோணலாக விட்டால் கோணலாகவே ஒட்டிக்கொள்ளும். கிளேரின் சக்தி ஆற்றும், ஆனால் பிசகினதை அவள்தான் சரிசெய்ய வேண்டும். இந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் பட்டது.

கொஞ்ச நாளில், பிராடி என்ற மாணவனோடு நடக்கும் தள்ளுமுள்ளில் ஒரு மரக்கிளை அவள் பின்தலையில் குத்தி மூளைக்குள் இறங்குகிறது. செத்துப்போகிறாள். பிரேதப் பரிசோதனை மேசையில், நெஞ்சு திறந்து கிடக்கும்போது, அந்தக் கிளையை உருவியதும் கண் விழிக்கிறாள். பார்க்கவே குலை நடுங்கும். வார்டில் நாங்கள் இதற்கு நேர் எதிராகச் செய்வோம். உடம்பில் எது குத்தியிருந்தாலும் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்வரை யாரையும் தொடவிட மாட்டோம். கிழிந்த ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருப்பதே அந்தப் பொருளாக இருக்கலாம், உருவினால் பீறிடும். கிளேருக்கு உருவினால்தான் உயிர். அதாவது மூளையின் பின்பக்கம் ஒரு இடம் இருக்கிறது. அங்கே ஏதாவது குத்தி நிற்கும்வரை சக்தி மொத்தமும் நின்றுபோகும். மற்றவர் சக்தியைத் தனதாக்கிக்கொள்ளும் பீட்டர் அவள் சக்தியையும் வாங்கிக்கொண்டான், அவனுக்கும் இதே கதிதான். அவன் பின்தலையில் ஏறிய கண்ணாடித் துண்டை கிளேர் உருவிய பிறகுதான் எழுந்திருக்கிறான். இதுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது.

குழப்பம் இரண்டாவது சீசனில், ரத்தத்தோடு வருகிறது. அவளை வளர்த்த அப்பா நோவா பென்னட்டை விஞ்ஞானி மொஹிந்தர் கண்ணிலேயே சுட்டுவிடுகிறார். நோவா இறந்துவிடுகிறார். அப்புறம் கிளேரின் ரத்தத்தை ஏற்றியதும் உயிரோடு எழுந்திருக்கிறார். பார்க்கும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ரத்தம் ஏற்றிப் பழகிய யாருக்கும் அடுத்த கேள்வி தானாக வரும்: இதயம் நின்றவர் உடம்பில் அந்த ரத்தம் எப்படி ஓடியது? பாட்டிலில் இருப்பது ரத்தக்குழாய் வழியாக உள்ளே போகலாம். மூளைவரை கொண்டு சேர்க்க இதயம் துடிக்க வேண்டும், இல்லை யாராவது நெஞ்சை அமுக்க வேண்டும். அப்பாவும் மகளும் ரத்த உறவு இல்லையே, குரூப் பொருந்துமா, இருவர் ரத்தமும் ஒத்துப்போகுமா என்று பார்க்கும் கிராஸ் மேட்சிங் செய்தார்களா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரு பாட்டில் ஏற்றும் முன் பெயரையும் குரூப்பையும் இரண்டு பேராக நின்று சரிபார்க்கும் பழக்கத்தில் வந்தவள் நான். மனசு ஒப்பவில்லை.

அதையும் கற்பனை என்று விட்டுவிடலாம். விட முடியாதது வேறு ஒன்று. சக்தி ரத்தத்திலேயே இருக்கிறது என்றால், பிணவறையில் கிடந்தபோது கிளேரின் உடம்பு முழுக்க அதே ரத்தம்தானே இருந்தது? மேசையில் திறந்த காயம்கூட மூடாமல் அவள் பிணமாகவே கிடந்தாள். மூளை அனுமதித்தால்தான் சக்தி வேலை செய்யும் என்பது முதல் சீசன் போட்ட விதி. அவள் உடம்பைவிட்டுத் தள்ளி, பாட்டிலில் இருந்தாலும் வேலை செய்யும் என்கிறது இரண்டாவது சீசன். இரண்டும் ஒத்துவராது. உங்களுக்கு 'மாறுகிறது' என்று தோன்றியதற்கு வேர் இங்கேதான்.

இதனால் கதைக்கு வந்த சேதம் பெரிது. 2009 ஏப்ரலில், மூன்றாவது சீசனின் கடைசி எபிசோடில் நேதன் பெட்ரெல்லியின் கழுத்தை, சக்தி உள்ளவர்களைக் கொன்று அவர்கள் சக்தியைப் பறிக்கும் வில்லன் சைலர் அறுத்துவிடுகிறான். நேதன் கிளேரைப் பெற்ற அப்பா. கிளேர் அதே ஹோட்டலில் இருக்கிறாள். நேதனின் உடலுக்குப் பக்கத்தில் நிற்பவர்களில் ஒருவர் யார்? அவள் ரத்தத்தால் செத்துப் பிழைத்த நோவா! நேதனின் அம்மா ஏஞ்சலாவும் இருக்கிறாள். 'கிளேரைக் கூப்பிடுங்கள்' என்று ஒரு வாய் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, வடிவம் மாற்றும் சக்தியும் உள்ள சைலரின் மனசையே மாற்றி அவனை நேதனாக நடமாடவிடும்படி, அடுத்தவர் மனசுக்குள் புகக்கூடிய மேட் பார்க்மனைக் கெஞ்சுகிறார்கள். நேரம் கடந்துவிட்டது, இனி பலிக்காது என்று நோவா வாயால் ஒரு வரி சொல்லவைத்திருந்தால் போதும், நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். பெற்ற தாய் பிள்ளைக்காக எதையும் கேட்பாள். வார்டு வாசலில் அந்த அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காட்சியில் ஏஞ்சலா கிளேரின் ரத்தத்தைக் கேட்காதது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேள்வி: சைலர் கிளேரின் மண்டையையே திறந்து பார்க்கிறான், அப்போது சாகவில்லை. மரக்கிளை குத்தினால் மட்டும் சாகிறாள். இது முரண்பாடு இல்லையா?
— வாசகர், ஈரோடு

பதில்: இல்லை தம்பி. மண்டை ஓட்டைத் திறப்பது வேறு, அந்த ஒரு இடத்தைக் குத்துவது வேறு. நிஜத்திலும் நியூரோ தியேட்டரில் மண்டை ஓட்டைத் திறந்து மூடுகிறோம், ஆள் பிழைக்கிறார். மூளையின் அடித்தண்டில் சின்னக் காயம் பட்டாலே மூச்சு நின்றுவிடலாம். இந்த விஷயத்தில் சீரியல் கடைசிவரை கவனமாகவே இருந்தது. சைலருக்கு அந்த சக்தி வந்த பிறகு, கிளேரே அவன் பின்தலையில் கண்ணாடியைச் சொருகித்தான் அவனைச் சாய்க்கிறாள். பின்னால் வடிவம் மாற்றும் சக்தியும் கிடைத்ததும் அவன் அந்த இடத்தையே தலையில் வேறு பக்கம் நகர்த்திக்கொள்கிறான். வசதிக்காகச் சொன்ன காரணம்தான், ஆனாலும் விதியை மறக்காமல் சொன்ன காரணம்.

கேள்வி: கால் விரலை வெட்டிக்கொள்கிறாள், அப்படியே முளைக்கிறது. பல்லி வால் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாமா?
— பிளஸ் டூ மாணவி, நாகர்கோவில்

பதில்: பல்லிக்கு முளைக்கும் புது வாலில் பழைய மாதிரி முள்ளெலும்பு வராதும்மா, குருத்தெலும்புக் குழாய்தான் இருக்கும். கிளேருக்கு நகத்தோடு முழு விரல் வருகிறது. அதற்குப் பக்கத்தில் வருவது மெக்சிகோ ஏரியில் வாழும் 'ஆக்ஸலாட்டில்' என்ற நீர்வாழ் பிராணி. அது எலும்பு, தசை, நரம்போடு காலையே திரும்ப வளர்க்கும். ஆனால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்.

கேள்வி: கிரகணம் வந்ததும் சக்தி போய், ஆஸ்பத்திரியில் கிடந்து சாகிறாள். கதையை இழுக்கத்தானே அது?
— வாசகர், மதுரை

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளைச் சாகடிப்பது உடம்பில் பாய்ந்த துப்பாக்கிக் குண்டு மட்டுமில்லை, தொற்றும்தான். கிருமியோடு சண்டை போட்டே பழகாத உடம்பு, சக்தி போனதும் ஒன்றையும் தாங்கவில்லை. வார்டில் நாங்கள் பயப்படுவதும் அதற்குத்தான். தையல் அழகாக இருக்கும், மூன்றாம் நாள் காய்ச்சல் ஏறும், காயத்தைச் சுற்றி சிவந்து சூடாகும். அங்கேதான் நோயாளி கை நழுவுவார். கிரகணம் விலகியதும் கிளேர் எழுந்துவிடுகிறாள், அதுவும் விதிப்படியே. 2015-ல் இதன் தொடர்ச்சியாக வந்த 'ஹீரோஸ் ரீபார்ன்' சீரியல் பிரசவத்தில் அவளை நிஜமாகவே சாகவிட்டது. பிறந்த பிள்ளை அவள் சக்தியை வாங்கிக்கொண்டதால் என்று காரணமும் வைத்தார்கள். காரணம் பொருந்துகிறது. ஆனால் நான்கு சீசன் நம்மோடு வந்த பெண்ணின் சாவை அடுத்தவர் வாயால் சொல்லி முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை.