ஆறு எஸ்டேட், முந்நூறு தொழிலாளர்: எந்தப் புள்ளியியல் மாதிரி பொருந்தும்?

குன்னூர்ப் பக்கம் 6 எஸ்டேட்டில் தலா 50 தொழிலாளரிடம் மனஅழுத்தக் கேள்வித்தாள் வாங்கியிருக்கிறீர்கள். சாதாரண ரிக்ரஷன் (ஒன்று மாறினால் மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணிக்கும் முறை) போதாதா என்று கேட்கிறீர்கள். போதாதுங்க. ஒரே எஸ்டேட்டுக்காரர்களின் பதில்கள் ஒத்திருக்கும். அந்த ஒப்புமையை அளக்கும் ஐசிசி (உள்குழுத் தொடர்புக் கெழு) வெறும் 0.05 என்றாலும், வடிவமைப்பு விளைவு, அதாவது குழுவாக எடுத்ததால் மாறுபாடு எத்தனை மடங்காகிறது என்பது, 1 + (50 − 1) × 0.05 = 3.45. எஸ்டேட் அளவிலான மாறிக்கு உங்கள் 300 பேர் ஏறக்குறைய 87 பேருக்குத்தான் சமம்.

சரி, உடனே தொழிலாளர், எஸ்டேட் என இரு நிலைகளையும் சேர்த்துக் கணக்கிடும் பல்நிலை மாதிரியா? 6 குழு ரொம்பக் குறைவு. எஸ்டேட்டுகளுக்கு இடையிலான மாறுபாட்டை நம்பகமாக மதிப்பிட முடியாது. எஸ்டேட்டை டம்மி மாறிகளாக (அந்த எஸ்டேட் என்றால் 1, இல்லையென்றால் 0) ரிக்ரஷனில் போடுங்கள். மேனேஜர் நடத்தை போன்ற எஸ்டேட் அளவிலான கேள்வியை மட்டும் கைவிட வேண்டியதுதான்.

யார் எந்த மேஸ்திரியின் கீழ் என்று குறித்தீர்களா? அப்படியென்றால் பல்நிலை மாதிரியில் எஸ்டேட் அல்ல, மேஸ்திரி குழுதான் உங்கள் இரண்டாம் நிலை. மேஸ்திரியின் ஆதரவுக்குத் தொழிலாளர் தந்த மதிப்பெண்ணைக் குழுச் சராசரி, அதிலிருந்து தனிநபர் விலகல் என இரண்டாகப் பிரித்துச் சேருங்கள். குழுக்கள் 30-ஐத் தாண்டினால் ஆய்வுக் கைடிடம் பல்நிலை மாதிரி பற்றித் தைரியமாகப் பேசலாம்.