ஐயாயிரம் ரேண்டுக்குள் பழைய எலக்ட்ரிக் கிட்டார்: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மரிட்ஸ்பர்க், ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து உறுப்பினர்கள் கேட்டவை. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். பதில் சொல்பவர் கிட்டார் செட்டப்பும் (வாசிக்கச் சுகமாகச் சரிசெய்வது) ஃப்ரெட் (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) வேலையும் செய்பவர்.

சாட்ஸ்வர்த்: கையில் 5000 ரேண்ட்தான் இருக்கிறது அண்ணா. கிட்டார், ஆம்ப் இரண்டும் அதற்குள் அடங்க வேண்டும். எதைத் தேடலாம்?

மொத்தத்தையும் கிட்டாரில் கொட்டிவிடாதீர்கள் தம்பி. கிட்டாருக்கு 3000, ஆம்ப்புக்கு 1200, மீதி புதுக் கம்பிக்கும் கேபிளுக்கும் ஒரு செட்டப்புக்கும். செட்டப் செய்த சாதாரண கிட்டார், செட்டப் செய்யாத நல்ல கிட்டாரைவிட வாசிக்கச் சுகமாக இருக்கும்.

யமஹா பசிஃபிகா 112 விலைக்குள் வந்தால் முதலில் அதைப் போய்ப் பாருங்கள். ஆல்டர் மர உடல், மூன்று பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காயில்): பிரிட்ஜ் (உடலில் கம்பிகள் மாட்டியிருக்கும் பாலம்) பக்கம் ஹம்பக்கர் என்னும் இரட்டைக் காயில், மற்ற இரண்டும் சிங்கிள் காயில். சினிமாப் பாட்டு, ராக், கோயில் பஜனை எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும். விற்பவர்கள் வெறுமனே 'பசிஃபிகா' என்றுதான் போடுவார்கள். 012 பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் ஒரு படி கீழே. அதனால் எண்ணைக் கேளுங்கள். ஸ்குவயர் அஃபினிட்டி, கோர்ட் இவையும் சரிதான்.

ஃப்ளாய்ட் ரோஸ் மாதிரிப் பூட்டும் பிரிட்ஜ் உள்ள மலிவு கிட்டார் வேண்டாம். அது ஊன்றி ஆடும் கத்திமுனை தேய்ந்திருந்தால் சுருதி நிற்காது. கம்பி மாற்றவே பழகாத கைக்கு ஒரு மணி நேரம் போய்விடும்.

இன்னொன்று. இந்த விலையில் நீங்கள் வாங்குவது நெக்கை, அதாவது இடது கை பிடிக்கும் நீளக் கழுத்தைத்தான். பிக்கப், டியூனிங் கீ, ஸ்விட்ச் எல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம். நெக் கெட்டிருந்தால் நல்ல நெக் வாங்கும் காசில் இன்னொரு கிட்டாரே வந்துவிடும்.

பீனிக்ஸ்: அந்த நெக்கை எப்படிப் பார்ப்பது? எனக்கு நாலு கார்டுக்கு மேல் வாசிக்கத் தெரியாது.

வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஒரு பிளாஸ்டிக் வங்கி அட்டை, 0.010 அங்குல முதல் கம்பியில் விரல் நீளத் துண்டு, போனில் ஒரு டியூனர், இவை போதும். முதலில் கிட்டாரைச் சரியான சுருதிக்குக் கொண்டுவாருங்கள். கம்பி தளர்ந்திருக்கும்போது நெக்கைப் பார்த்து ஒரு பயனும் இல்லை.

ஆறாம் கம்பியை, அதாவது தடித்ததை, இடது கையால் முதல் ஃப்ரெட்டிலும் வலது கையால் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்துங்கள். இப்போது அந்தக் கம்பியே ஒரு நேர்கோல். எட்டாம் ஃப்ரெட்டின் தலைக்கும் கம்பிக்கும் நடுவில் அந்தத் துண்டை நுழையுங்கள். அது கால் மில்லிமீட்டர் தடிமன். லேசாக உரசிக்கொண்டு போனால் நெக் நன்றாக இருக்கிறது. இடைவெளியே இல்லையென்றால் நெக் பின்பக்கம் வளைந்திருக்கலாம். திறந்த கம்பியும் முதல் சில ஃப்ரெட்களும் கரகரக்கும். ஒரு மில்லிமீட்டர் தெரிந்தால் முன்பக்கம் வளைந்திருக்கிறது.

வளைவு இருப்பது குற்றமில்லை, நெக்குக்குள் ட்ரஸ் ராட் என்னும் உலோகத் தண்டு இருப்பதே அதற்காகத்தான். அந்த ராட் திரும்புகிறதா என்பதுதான் கேள்வி. விற்பவரைக் கேட்டு, அவர் கண் முன்னால் முதலில் இடப்பக்கம் கொஞ்சம் தளர்த்துங்கள், பிறகு வலப்பக்கம் கால் சுற்று முறுக்குங்கள். இடைவெளி குறைந்தால் ராட் வேலை செய்கிறது. ராட் முனையில் சாவி பொருந்தும் பள்ளம் மழுங்கி சாவி வழுக்கினாலும், முழுக்க முறுக்கிய பிறகும் வளைவு மிச்சம் இருந்தாலும், விலை எவ்வளவு இறங்கினாலும் வந்துவிடுங்கள். விடமாட்டேன் என்று சொல்பவரிடமும் வேலையில்லை.

அடுத்து முறுக்கு. உடல் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடி நெக் வழியாகப் பாருங்கள். ஃப்ரெட்கள் ஏணிப்படிபோல ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். ஒரு முனை தூக்கியும் மறுமுனை தாழ்ந்தும் போனால் நெக் முறுக்கிக்கொண்டது. ட்ரஸ் ராட் அதைச் சரிசெய்யாது.

பிறகு அட்டை. நெக் நேராக இருக்கும்போது வங்கி அட்டையின் விளிம்பை மூன்று ஃப்ரெட்கள் மேல் நிறுத்தி அசையுங்கள். 'டக் டக்' என்று ஆடினால் நடு ஃப்ரெட் உயர்ந்திருக்கிறது. ஒன்றிரண்டு இடத்தில் என்றால் தட்டியோ தேய்த்தோ சரிசெய்யலாம். முதல் ஐந்து ஃப்ரெட்களில் கம்பிக்கு அடியில் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலோட்டமான குழியை லெவல் செய்து எடுக்கலாம். பாதி உயரம் வரை போயிருந்தால் ஃப்ரெட் முழுக்க மாற்ற வேண்டும், அந்தக் கூலி இந்த விலைக் கிட்டாருக்குக் கட்டாது.

கடைசியாக ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் தட்டிக் கேளுங்கள். 22 ஃப்ரெட் என்றால் 132 ஒலி, ஐந்தாறு நிமிஷ வேலை. விற்பவர் சலித்துக்கொண்டால் சலித்துக்கொள்ளட்டும்.

மெர்பேங்க்: கடற்காற்றில் கிடந்த கிட்டார். பிரிட்ஜ் எல்லாம் துரு. வாங்கலாமா?

மேலே தெரியும் துரு அழகுக் குறைதான். பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சேடில் ஒவ்வொன்றிலும் இருக்கும் இரண்டு சின்னத் திருகுகள் திரும்புகின்றனவா என்பதே முக்கியம். 1.5 மி.மீ. ஆலன் சாவி எடுத்துப் போங்கள்; ஆசியத் தயாரிப்புகளில் பெரும்பாலும் அதுதான் பொருந்தும். பன்னிரண்டையும் கால் சுற்று அசைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று இறுகியிருந்தால் துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒரு ராத்திரி வைக்கலாம். எல்லாமே இறுகியிருந்தால் புது பிரிட்ஜ் விலையைக் கழித்துக் கேளுங்கள்.

வால்யூம், டோன் குமிழ்களைத் திருப்பும்போது கரகரத்தால் பயப்பட வேண்டாம். கான்டாக்ட் கிளீனர் உள்ளே ஒரு சிறு பீச்சு பீச்சி, குமிழை முப்பது முறை முன்னும் பின்னும் திருப்பினால் அநேகமாகப் போய்விடும்.

டோங்காட்: விற்பவரிடம் ஆம்ப் இல்லை. இருந்தாலும் போகிற நேரம் லோட் ஷெடிங் மின்வெட்டாக இருந்தால்? பிக்கப் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

மல்டிமீட்டர் போதும். கிட்டார் கேபிளை ஜாக்கில் செருகி, மறுமுனைப் பிளக்கின் நுனியில் மீட்டரின் ஒரு முனை, தண்டில் மற்ற முனை வையுங்கள். மீட்டர் 20 கிலோஓம் அளவில் இருக்கட்டும். வால்யூமை முழுக்கத் திறக்க மறக்காதீர்கள். மூடியிருந்தால் பூஜ்யம் காட்டும், நல்ல பிக்கப்பைச் செத்தது என்று நினைத்துவிடுவீர்கள்.

சிங்கிள் காயில் சாதாரணமாக 5 முதல் 7 வரை காட்டும். ஹம்பக்கர் 7, 8-இல் தொடங்கும், சூடான ரகம் 15 வரைகூடப் போகும். ஐந்து நிலை ஸ்விட்ச் என்றால் 2, 4-ஆம் நிலைகளில் இரண்டு பிக்கப் சேர்ந்து ஏறக்குறைய பாதி காட்டும். அது கோளாறு இல்லை. ஒரு நிலையில் மட்டும் மீட்டர் அளவு தாண்டிவிட்டது என்று காட்டினால் அந்த காயில் அறுந்திருக்கிறது, அல்லது ஒயர் விட்டிருக்கிறது. அளக்கும்போதே ஜாக்கை ஆட்டுங்கள். எண் குதித்தால் ஜாக் தளர்ந்திருக்கிறது, சின்ன வேலைதான்.

வீட்டுக்கும் பேட்டரி ஆம்ப் பார்ப்பது நம் ஊருக்கு நல்லது. ரோலண்ட் மைக்ரோ கியூப், பிளாக்ஸ்டார் ஃப்ளை 3 இரண்டும் ஆறு பென் டார்ச் பேட்டரியில் ஓடும்.

லெனேசியா: நல்ல கிட்டார், ஆனால் நெக் ஓரம் முழுக்க ஃப்ரெட் முனை கையைக் கிழிக்கிறது. அடிபட்டதா?

அடி இல்லை, மரம் காய்ந்திருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க் குளிர்காலக் காற்றில் ஈரமே இருக்காது. விரல்பலகை மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது, முனை வெளியே நீட்டும். மெல்லிய அரத்தால் தேய்த்துவிட்டால் முடிந்தது. அதைக் காட்டி விலையைக் குறையுங்கள். ஆனால் டர்பனுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் உடனே அரத்தை எடுக்காதீர்கள், ஈரக் காற்றில் மரம் ஓரளவு திரும்ப ஊறும். செட்டப்பையும் ஒரு வாரம் கழித்தே செய்யுங்கள், அதற்குள் நெக் நகரும்.

பீட்டர்மரிட்ஸ்பர்க்: கிப்ஸன் லெஸ் பால் 6000 ரேண்டுக்கு வருகிறது, அவசரமாக விற்கிறாராம்.

போலி. ஹெட்ஸ்டாக்கில் (டியூனிங் கீ இருக்கும் தலைப்பகுதி) ட்ரஸ் ராட் மூடியைப் பாருங்கள்: கிப்ஸனில் இரண்டு திருகு, போலியில் பெரும்பாலும் மூன்று. இரண்டு இருந்தாலும் அந்த விலையில் நம்பாதீர்கள்.

கிப்ஸனின் மலிவு பிராண்டான எபிஃபோனாக இருந்தால் தாராளமாகப் பாருங்கள். ஆனால் நட்டுக்கு (விரல்பலகை முடியும் இடத்தில் கம்பிகள் பதியும் சின்னக் கட்டை) பின்னால், ஹெட்ஸ்டாக் சாயும் இடத்தில், போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். பாலிஷில் மயிரிழை விரிசல் தெரிந்தால் உடைந்து ஒட்டியதாக இருக்கலாம். நன்றாக ஒட்டியது தாங்கும்; விலை மட்டும் கணிசமாக இறங்க வேண்டும்.

சாட்ஸ்வர்த் (வேறொருவர்): வீணை பழகியவள். கமகம் வாசிக்க எந்த மாதிரி கிட்டார் பார்க்க வேண்டும் ஐயா?

நல்ல கேள்வி அம்மா. மேன்டலின் ஸ்ரீநிவாஸ் இரட்டைக் கம்பிகளை விட்டு ஐந்து ஒற்றைக் கம்பி எலக்ட்ரிக் மேன்டலினில் வாசித்தார். கமகத்துக்குக் கம்பி இழுபட வேண்டும். உங்களுக்கு வேண்டியது உயரமான ஃப்ரெட், மெல்லிய கம்பி. 0.009 அங்குல முதல் கம்பி உள்ள செட் போடுங்கள். ஃப்ரெட் தேய்ந்த கிட்டாரில் விரல் மரத்தில் உரசும், தோடி ராகத்தின் காந்தாரம் அசைக்கவே வராது.

விரல்பலகையின் குறுக்கு வளைவும் கவனிக்க வேண்டியது. பழைய ஃபென்டர் பாணியில் 7.25 அங்குல ஆரம். கம்பி தாழ்வாக இருந்தால் இழுக்கும்போது ஒலி நடுவில் அறுந்துபோகும். 9.5 பரவாயில்லை, 12 இன்னும் நல்லது. கடையில் முதல் கம்பியை 12 முதல் 15 வரை ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒரு முழு ஸ்வரம் உயர இழுத்துப் பாருங்கள்.

மிதக்கும் ட்ரெமலோ பிரிட்ஜ் உங்களுக்கு ஆகாது. ஒரு கம்பியை இழுத்தால் பிரிட்ஜே முன்னால் சாயும், மற்ற கம்பிகள் எல்லாம் சுருதி இறங்கும். கூடவே தட்டும் சட்ஜம் பஞ்சமம் அபஸ்வரமாகும். நிலையான பிரிட்ஜ் பாருங்கள். ஃபென்டர் ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர்) வகைதான் கிடைத்தது என்றால் பின்மூடிக்குள் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் இரண்டு நீளத் திருகை, பிரிட்ஜ் உடலில் அழுந்தி உட்காரும்வரை முறுக்கச் சொல்லுங்கள்.

இசிபிங்கோ: ஆம்ப்பில் போட்டதும் 'ம்ம்ம்' என்று இரைகிறது.

கிட்டார் கம்பியைத் தொடுங்கள். இரைச்சல் குறைந்தால் சிங்கிள் காயிலின் இயல்பு, விட்டுவிடுங்கள். தொட்டும் மாறவில்லை என்றால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் விட்டிருக்கலாம். பற்றவைக்கப் பத்து நிமிஷம்.

வெருலம்: மாமா அமெரிக்காவிலிருந்து ஆம்ப் கொண்டுவந்திருக்கிறார். பிளக் மட்டும் மாற்றினால் போதுமா?

போதாது! அது 120 வோல்ட், நம் சுவரில் 230. பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் புகைதான் வரும். ஆம்ப்பின் பின்பக்கம் எழுதிய வாட்ஸைவிடக் கூடுதல் திறனுள்ள ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள்.

சாட்ஸ்வர்த்: மகளுக்கு ஒன்பது வயது, முழு அளவு கிட்டார் கைக்கு எட்டவில்லை.

ஸ்குவயர் மினி பாருங்கள். கம்பி நீளம் 22.75 அங்குலம், முழு ஸ்ட்ராட் 25.5.

பீனிக்ஸ்: திருட்டுப் பொருள் தலையில் விழாமல் இருக்க என்ன செய்வது?

பழைய பொருள் விற்கும் கடை 2009-ஆம் ஆண்டின் 6-ஆம் எண் சட்டப்படி போலீசில் பதிவு செய்திருக்க வேண்டும், வாங்குவது விற்பதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அதனால் கடையில் ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். தனியாரிடம் என்றால் ஒரு தாளில் சீரியல் எண், விலை, தேதி, அவர் பெயர், அடையாள எண் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எண் சுரண்டியிருந்தால் தொடவே வேண்டாம். பார்க்கும் முன் முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரேண்டும் அனுப்பாதீர்கள். மாலில், பகலில், கூட ஒரு ஆளோடு போங்கள். மல்டிமீட்டரையும் ஆலன் சாவியையும் மறக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.