மகனுக்கு ஃபுட்டி, அப்பாவுக்குப் படிப்பு: நடுவில் ஒரு தாய்

கேள்வி: மெல்போர்னின் தென்கிழக்குப் புறநகரில் வசிக்கிறோம். என் மகனுக்கு 17 வயது, 11ஆம் வகுப்பு படிக்கிறான். சிறு வயதிலிருந்தே ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து, ஆடுகிறான். இந்த ஆண்டு 18 வயதுக்குட்பட்டோருக்கான டேலன்ட் லீக்கில் ஓர் அணியில் இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த ஆண்டு, ஏ.எஃப்.எல். என்ற தேசிய லீக்கின் கிளப்புகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் அவன் பெயர் வரலாம் என்று பயிற்சியாளர் சொல்கிறார். 12ஆம் வகுப்பைப் பெயருக்கு முடித்தால் போதும் என்கிறான் மகன். "பந்து சோறு போடாது" என்று சொல்லிவிட்டு, என் கணவர் அவனிடம் இதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார். ஓர் ஆட்டத்துக்குக்கூட அவர் போனதில்லை. சென்ற மாதம் மகனுக்குத் தலையில் அடிபட்டு, இரவெல்லாம் தலைவலி. அப்பாவிடமும் பயிற்சியாளரிடமும் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கெஞ்சினான். அடுத்த வாரமே ஆடவும் போய்விட்டான். இருவருக்கும் நடுவில் நான் என்ன செய்வது?
ஒரு தாய், மெல்போர்ன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசியில் நீங்கள் எழுதியிருப்பதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். டிராஃப்டையும் படிப்பையும் பற்றி அடுத்த வாரம்கூடப் பேசிக்கொள்ளலாம். தலையில் பட்ட அடியைப் பற்றி இன்றே பேச வேண்டும். மகனை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அடிபட்ட நாளையும், இரவெல்லாம் வலித்ததையும், அடுத்த வாரம் ஆடியதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் எழுத்தில் அனுமதி தரும்வரை மகன் களத்துக்கும் பயிற்சிக்கும் போகக் கூடாது. பயிற்சியாளருக்கும் கணவருக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள். மகன் சில நாள் உங்கள் முகத்தைப் பார்க்காமல் இருப்பான். இருக்கட்டும்.

தலையில் அடிபட்டு மூளை குலுங்குவதைக் கன்கஷன் என்கிறார்கள். வழக்கமான ஸ்கேனில் அது பெரும்பாலும் தெரியாது. அதனால்தான் ஆடுபவனின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டியிருக்கிறது, அவன் மறைத்தால் யாருக்கும் தெரியாமல் போகிறது. மூளை ஆறுவதற்கு முன் இரண்டாவது அடி பட்டால் விளைவு பல மடங்கு மோசமாகலாம். ஏ.எஃப்.எல். முதல்நிலைப் போட்டியில் கன்கஷன் ஆன வீரர் குறைந்தது 12 நாள் ஆட முடியாது. உள்ளூர், இளையோர் ஆட்டங்களில் குறைந்தபட்சம் 21 நாள். உங்கள் மகன் ஒரே வாரத்தில் திரும்பியிருக்கிறான். மறைத்தால்தான் தேர்வாளர்கள் கண்ணில் நிற்க முடியும் என்று அவன் நினைத்திருப்பான். மூன்று வாரம் வெளியே உட்கார்ந்தான் என்பதற்காக ஒரு நல்ல ஆட்டக்காரனை எந்தக் கிளப்பும் விட்டுவிடாது. இதைப் பயிற்சியாளரே அவனுக்கு நேரில் சொல்லட்டும், உங்கள் வாயால் கேட்டால் ஏற்க மாட்டான்.

அவன் கனவு காணும் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை 2014ஆம் ஆண்டு டிராஃப்டின் முதல் மூன்று பெயர்களை வைத்துச் சொல்கிறேன். அந்த ஆண்டு நாடு முழுவதிலிருந்தும் முதலாவதாகத் தேர்வானவர் பேடி மெக்கார்ட்டின், செயின்ட் கில்டா கிளப்புக்கு. இரண்டாவது கிறிஸ்டியன் பெட்ராக்கா, மூன்றாவது ஆங்கஸ் பிரேஷா, இருவரும் மெல்போர்ன் கிளப்புக்கு. மெக்கார்ட்டினுக்கு அடுத்தடுத்துக் கன்கஷன். 2019 முடிவில் கிளப் அவரை விடுவித்தது. மனம் தளராமல் 2022இல் சிட்னி அணியில் திரும்பி வந்து, தம்பி டாமுடன் சேர்ந்து அந்த ஆண்டின் இறுதிப்போட்டியிலும் ஆடினார். 2023இல் மறுபடி அடிபட்டது. 27 வயதில் விடைபெற்றார். பிரேஷா தலைக்கவசம் அணிந்தே ஆடியவர். 2023 இறுதிச்சுற்று ஆட்டமொன்றில் மோதி விழுந்தார். மருத்துவர்கள் பார்த்துவிட்டு இனி வேண்டாம் என்றார்கள். 2024 தொடக்கத்தில், 28 வயதில், அவருடைய ஆட்டமும் முடிந்தது. மூன்று பேரில் எஞ்சியவர் பெட்ராக்கா. 2021இல் மெல்போர்ன் 57 ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் கோப்பை வென்றபோது, இறுதிப்போட்டியின் சிறந்த வீரர் அவர்தான். அந்த அணியில் பிரேஷாவும் இருந்தார். 2024இல் ஓர் ஆட்டத்தில் பெட்ராக்காவுக்கு மண்ணீரல் கிழிந்து, விலா எலும்புகள் முறிந்து, நுரையீரலிலும் காயம் பட்டது. பிழைத்து மறுபடி ஆட வந்தார்.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நாட்டிலேயே தலைசிறந்த மூன்று பையன்கள், கிளப்பின் முழுக் கவனிப்பும் கிடைத்தவர்கள். அவர்களுக்கே பாதை இப்படி இருந்தது. உங்கள் கணவர் டிராஃப்டில் பெயர் வராமல் போய்விடுமே, பையன் ஏமாந்துபோவானே என்று அஞ்சுகிறார். பெயர் வந்தபின் 20 வயதிலிருந்து 23 வயதுவரை என்ன ஆகும் என்பதுதான் என் கவலை.

கணக்கைப் பாருங்கள். 18 கிளப்புகள், ஒவ்வொன்றிலும் நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட வீரர்கள். ஆக நாடு முழுவதும் இந்த வேலை ஏறக்குறைய 800 பேருக்குத்தான். ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கும் தேசிய டிராஃப்டில் 60, 70 பேர் உள்ளே வருகிறார்கள். இடங்களின் எண்ணிக்கை கூடாது, எனவே அத்தனை பேராவது வெளியேறியாக வேண்டும். முதல் சுற்றில் தேர்வாகாதவருக்கு வழக்கமாக இரண்டு ஆண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டு உடம்பைத் தேற்றுவதிலும், இரண்டாம் ஆண்டு கிளப்பின் இரண்டாம் அணியிலும் கழிந்து, முதல் அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடாமல் 20 வயதில் வீடு திரும்புகிறவர்கள் உண்டு. சம்பளம் நல்ல சம்பளம்தான். இப்போதைய ஒப்பந்தப்படி 2027இல் சராசரி 5 லட்சத்து 19 ஆயிரம் டாலர். ஆனால் சராசரியை உயர்த்துகிறவர்கள் நட்சத்திரங்கள். புதிதாக வரும் பையனுக்கு அதில் சிறு பங்குதான். இந்தக் கணக்கில் உங்கள் கணவர் சொல்வது முழுத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் குடும்பமாக இப்போதே பேசிவிடுங்கள். எந்தக் கிளப்புக்குப் போவது என்பதை மகன் தீர்மானிக்க முடியாது. புள்ளிப்பட்டியலில் கடைசியாக முடித்த கிளப்பிலிருந்து தொடங்கி வரிசையாகத் தேர்ந்தெடுப்பார்கள். 18இல் 8 கிளப்புகள் உங்கள் விக்டோரியா மாநிலத்துக்கு வெளியே இருக்கின்றன. பெர்த் கிளப் ஒன்று பெயரை வாசித்தால், சில நாள்களில் பெட்டியைக் கட்டிக்கொண்டு நான்கு மணி நேர விமானத் தொலைவில் போய் இருக்க வேண்டும். 12ஆம் வகுப்புத் தேர்வு முடிந்து மூச்சுவிடுவதற்குள் இது நடக்கும்.

அணியின் நிர்வாகியிடம் நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமி பற்றிக் கேளுங்கள். பெற்றோரில் ஒருவராவது ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ பிறந்திருந்தால், அந்தப் பிள்ளைகளைத் தங்கள் பகுதியில் கண்டெடுத்து வளர்க்கக் கிளப்புகளுக்கு 2016 முதல் இருக்கும் ஏற்பாடு அது. அதில் பதிவாகியிருந்தால், வேறொரு கிளப் டிராஃப்டில் அவனைக் கேட்கும்போது, தன் தேர்வு வாய்ப்புகளை ஈடாகக் கொடுத்துத் தன்னிடமே எடுத்துக்கொள்ள அந்தப் பகுதிக் கிளப்புக்கு முன்னுரிமை உண்டு. நிபந்தனைகள் அவ்வப்போது மாறுகின்றன, ஆகவே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் என்று யாராவது அணுகினால், வீரர்கள் சங்கத்தின் அங்கீகாரம் பெற்றவரா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 17 வயதில் அவசரம் எதுவும் இல்லை.

படிப்புக்கு வருகிறேன். "பெயருக்கு முடித்தால் போதும்" என்பதை ஏற்காதீர்கள். ஆட்டத்தை விடு என்றும் சொல்லாதீர்கள், அப்படிச் சொன்னால் படிப்பையும் விட்டுவிடுகிற வயது இது. 12ஆம் வகுப்புப் பாடங்களை இரண்டு ஆண்டுகளில் பிரித்து எழுத விக்டோரியாவில் வழியிருக்கிறது. சுமை அதிகமென்றால் அதைக் கேளுங்கள், ஆனால் மதிப்பெண்ணுக்குரிய தேர்வை எழுதியே ஆக வேண்டும் என்பதில் உறுதியாக நில்லுங்கள். பல்கலைக்கழக இடம் கிடைத்தால் ஒத்திவைக்கலாம், அல்லது ஒன்றிரண்டு பாடமாகப் படிக்கலாம். கிளப் வீரர்களுக்கு வாரத்தில் படிப்புக்கென நேரம் கிடைக்கிறது, வீரர்கள் சங்கம் கல்விக்குப் பண உதவியும் தருகிறது. காலிங்வுட் அணியில் ஆடிய மேசன் காக்ஸ் அமெரிக்காவில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். 2014இல்தான் இந்தப் பந்தை முதன்முதலில் தொட்டார், 2023இல் கோப்பை வென்ற காலிங்வுட் அணியில் ஆடினார்.

டாம் பாய்ட் பற்றியும் மகனிடம் சொல்லுங்கள். 2013 டிராஃப்டின் முதல் பெயர் அவர். ஓராண்டு கழித்து ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்குப் போனார். 2016 இறுதிப்போட்டியில் மூன்று கோல் அடித்தார், 62 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் கிளப்புக்குக் கோப்பை. மனச்சோர்வும் முதுகுவலியும் சேர்ந்துகொள்ள, 2019இல் ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டுக்கு மேல் மீதமிருக்கும்போதே, 23 வயதில், போதும் என்று விலகினார். அந்த முடிவை நான் மதிக்கிறேன். உங்கள் மகனுக்கும் ஒருநாள் அப்படித் தோன்றினால், அதை வீட்டில் வந்து சொல்லும் தைரியம் அவனுக்கு இருக்க வேண்டும். தலைவலியையே சொல்லப் பயப்படுகிற வீட்டில் அது எப்படி வரும்?

அதனால்தான் உங்கள் கணவரின் மௌனம் எனக்குக் கவலை தருகிறது. அவரை ஓர் ஆட்டத்துக்கு அழைத்துப் போங்கள். வாதம் செய்ய வேண்டாம், பார்க்கட்டும். ஒருவன் மற்றவன் தோளில் முழங்காலை ஊன்றி எழும்பி வானத்திலிருந்து பந்தைப் பறிப்பதைப் பார்த்தால், இதற்காக ஒரு பையன் ஏன் விடியற்காலையில் எழுகிறான் என்பது புரியும். எனக்கு இந்த ஆட்டம் மிகவும் பிடிக்கும், ஒளிப்பானேன். ஆட்டம் முடிந்து காரில் திரும்பும்போது அவர் மகனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "தலை எப்படி இருக்கிறது?" அப்பா அதைக் கேட்டால், மறைக்க வேண்டிய தேவை பாதி போய்விடும்.

அடுத்த ஆண்டு நவம்பரில் பெயர் வராவிட்டால், உடனே "நான் அப்போதே சொன்னேன்" என்று யாரும் ஆரம்பிக்காதீர்கள். மாநில லீக்கில் ஆடிக்கொண்டே பல்கலைக்கழகம் போகலாம். ஆண்டின் நடுவில் இன்னொரு டிராஃப்ட் நடக்கிறது. 2019இல் அப்படி ரிச்மண்டுக்கு வந்த மார்லியன் பிக்கெட் தன் முதல் ஆட்டத்தையே அந்த ஆண்டின் இறுதிப்போட்டியில் ஆடினார், அப்போது அவருக்கு 27 வயது. அவர் அபூர்வம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். 21 வயதுவரை முயலட்டும், அதுவரை படிப்பும் நிற்காமல் ஓடட்டும் என்று மூவரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். அதற்கு முன், நாளைக் காலையே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் அழைத்து நேரம் வாங்குங்கள்.