காசுக்கட்டி: கேட்டதும் சொன்னதும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து: வாய்ப்புண்ணுக்குக் காசுக்கட்டி போடலாமுங்களா?

போடலாம். கருங்காலி மரத்தின் வைரம் பாய்ந்த நடுக்கட்டையைச் சில்லுகளாகக் கொத்தி, தண்ணீரில் கொதிக்கவிட்டு, சாறு குழம்பாகச் சுண்டியதும் இறுகவைத்து எடுப்பதுதான் இது. அதிலிருக்கும் டானின் என்ற துவர்ப்புச் சத்து புண்ணின் மேலுள்ள புரதத்தோடு சேர்ந்து மெல்லிய ஏடாகப் படியும். கசிவும் எரிச்சலும் குறையும். ஒரு சிட்டிகைத் தூளை வெந்நீரில் கரைத்து, ஆறியதும் கொப்பளித்துத் துப்புங்கள். மூன்று வாரமாகியும் ஆறாத புண்ணுக்குக் கைவைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

வேலந்தாவளத்திலிருந்து: அசல் எதுன்னு எப்படிங்க பார்க்கறது?

துணுக்கு ஒன்றை நாக்கில் வையுங்கள். முதலில் நாக்கை இழுத்துப் பிடிக்கும், பிறகு லேசாக இனிக்கும். கொதிநீரில் பெரும்பாலும் கரைந்துவிடும். டம்ளர் அடியில் மண் தங்கினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

சித்தூரிலிருந்து: பேரனுக்கு வயித்தால போகுது. கொஞ்சம் கரைச்சுக் குடுக்கட்டுங்களா?

வேண்டாம் அம்மா. போக்கை அடைப்பதைவிட, இழந்த நீரை ஈடுகட்டுவதுதான் முதல் வேலை. ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். காய்ச்சலோ, மலத்தில் ரத்தமோ, சோர்வோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

கோவிந்தாபுரத்திலிருந்து: ஓட்டல்ல குடுக்கற செவப்புத் தண்ணியும் இதுதானுங்களா?

இளஞ்சிவப்பென்றால் பதிமுகம் என்ற மரத்தின் சில்லு. பழுப்போடிய சிவப்பென்றால் கருங்காலிச் சில்லு. தாகசமனி என்று கடையில் விற்கும் குடிநீர்ப் பொட்டலத்தில் பெரும்பாலும் இரண்டுமே சுக்கு, ராமச்சத்தோடு (வெட்டிவேர்) கலந்திருக்கும். வீட்டில் வைத்தால் நிறம் ஏறுமளவுக்குச் சில்லு போதும். கறுக்கக் காய்ச்சினால் மலச்சிக்கல்தான் மிச்சம். இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், டானின் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ஓட்டல் தண்ணீரில் எனக்குள்ள பயமே வேறு. கொதித்த நீரில் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஆற்றிவிடுகிற கடைகள் உண்டு. நிறம் அப்படியே இருக்கும், மஞ்சள்காமாலையும் கூடவே வரும். ஆவி பறக்க வந்தால் குடியுங்கள்.

வண்ணாமடையிலிருந்து: அரிப்புக்குக் கதிராரிஷ்டம் குடிக்கலாமுங்களா? சர்க்கரை இருக்குது.

கதிராரிஷ்டம் கருங்காலியில் செய்கிற ஆயுர்வேத மருந்து; தோல் நோய்க்கு ஆயுர்வேத ஆசான் சரகர் முதலிடம் கொடுத்த மரம் அது. ஆனால் அரிஷ்டம் இனிப்புச் சேர்த்துப் புளிக்கவைத்தது, கொஞ்சம் ஆல்கஹாலும் தானாக ஊறியிருக்கும். நீங்களாக வாங்கிக் குடிக்காதீர்கள். வைத்தியரிடம் சர்க்கரை அளவைச் சொன்னால் கஷாயமாக மாற்றித் தருவார்.

மீனாட்சிபுரத்திலிருந்து: வெத்தலையில காசுக்கட்டி வெச்சு மென்னா ஈறு கெட்டியாகுமாமே?

கூடவே பாக்கும் போடுவீர்களே, அதுதான் வில்லங்கம். புகையிலை சேராவிட்டாலும் பாக்கு புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது. ஈறுக்குக் கொப்பளிப்பே போதும்.