நாவலுக்கென்று ஒரு தனிக் கணக்கு

கேள்வி: காரைக்குடியில் வசிக்கும் நாவலாசிரியை நான். மூன்று நாவல்கள் வெளிவந்துள்ளன. சென்ற ஆண்டு ராயல்டி 84,000 ரூபாய். அதில் 8,400 ரூபாயை வரியாகப் பிடித்துக்கொண்டு, மீதி 75,600 ரூபாயை ஏப்ரலில் அனுப்பினார்கள். அந்தப் பணம் இன்னும் வங்கியில் இருக்கிறது. கூட்டங்களில் கிடைத்த மதிப்பூதியம் 30,000 ரூபாய் வரை வந்து, வீட்டுச் செலவோடு கரைந்துவிட்டது. புத்தகக் காட்சி, இலக்கியக் கூட்டம், கல்லூரி நிகழ்ச்சி என்று மாதந்தோறும் அழைப்பு வருகிறது. பெரும்பாலும் என் செலவில்தான் போகிறேன். வெளியூர்ப் பயணம் ஒன்றுக்கு ஐயாயிரம் ரூபாய் ஆகிறது. இரும்புக் கடை நடத்தும் என் கணவர், "கடைப் பணத்தில் ஊர் சுற்றுகிறாய்" என்று வருத்தப்படுகிறார். நான் இல்லாத நாட்களில் சர்க்கரை நோயாளியான மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க வேண்டியிருக்கிறது. மகள் ஜூனில் பிளஸ் டூ போகிறாள். சென்ற அக்டோபரில் சிங்கப்பூர்க் கூட்டத்துக்கு விமான டிக்கெட் எடுக்க, கணவரிடம் சொல்லாமல் நகையை 50,000 ரூபாய்க்கு அடகு வைத்தேன். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம். எதற்குப் போவது, எதை விடுவது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

எந்தக் கூட்டத்துக்குப் போவது என்ற கேள்விக்குப் பின்னால் வருகிறேன். முதலில் அந்த நகையை மீட்டுவிடுங்கள். ஏழு மாதத்தில் வட்டி 3,500 ரூபாய் ஏறியிருக்கும். அசலோடு சேர்த்து 53,500 ரூபாய் கட்ட வேண்டும். நகைக் கடனுக்குப் பொதுவாக ஓராண்டுதான் கெடு. அதற்குள் மீட்காமலும் புதுப்பிக்காமலும் விட்டால், அறிவிப்பு அனுப்பிவிட்டு ஏலம் விடும் உரிமை கடன் கொடுத்தவருக்கு உண்டு. அப்படியோர் அறிவிப்பு உங்கள் கணவர் கையில் கிடைத்து, அதன் வழியாக அவர் இந்தச் செய்தியை அறிய நேர்ந்தால், அதனால் வரும் மனக்கசப்பை எந்த ராயல்டியும் ஈடு செய்யாது. ஆகவே மீட்கப் போவதற்கு முன்பே நீங்களாகச் சொல்லிவிட்டு, முடிந்தால் அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

நகையை மீட்டபின் உங்களிடம் மிஞ்சுவது 22,100 ரூபாய். அடுத்த ராயல்டி வரும்வரை உங்கள் வெளியூர்ப் பயணங்களுக்கு உரிய பணம் இது மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைப் பணத்தையும், மகளின் மேற்படிப்புக்குச் சேர்த்து வைத்திருப்பதையும் இதற்காகத் தொடவே கூடாது.

உங்கள் கடிதத்தைப் படித்தவரையில், உங்கள் கணவருக்கு உங்கள் எழுத்தின் மீது குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மதிப்பூதியம் வந்தால் அது வீட்டுப் பணத்தோடு கலந்து, வந்த சுவடே தெரியாமல் போகிறது. பயணத்துக்குப் பணம் எடுக்கும்போது மட்டும் கடைப் பணம் குறைவது அவர் கண்ணில் படுகிறது. வரவு மறைந்து பற்று மட்டும் தெரிந்தால், கணக்குத் தெரிந்த எவரும் அப்படித்தான் பேசுவார். சிட்டை என்னும் நாள்கணக்கும் பேரேடும் எழுதி, ஆண்டு முடிவில் ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்கு போட்டுப் பார்த்துத் தொழில் வளர்த்த ஊர் உங்களுடையது. உங்கள் எழுத்துத் தொழிலுக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள். உங்கள் பெயரில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, ராயல்டியும் மதிப்பூதியமும் அதில் மட்டும் வரவும், பயணச் செலவு அதிலிருந்து மட்டும் போகவும் ஏற்பாடு செய்யுங்கள். அந்த வரவு செலவை ஒரு நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை கணவரிடம் காட்டுங்கள். இரவில் கடையை அடைக்கும்போது அன்றன்றைய கணக்கை முடித்துப் பழகியவருக்கு, நீங்கள் எழுதிக் காட்டும் இரண்டு பக்கம் ஒரு மணி நேர விளக்கத்தைவிட எளிதில் புரியும்.

அந்த நோட்டில் ஒரு பயணத்தின் செலவை எழுதும்போது பலர் பாதியை விட்டுவிடுகிறார்கள். பல்லவன் எக்ஸ்பிரஸ் டிக்கெட், எழும்பூரிலிருந்து ஆட்டோ, தங்கும் அறை, சாப்பாடு ஆகியவற்றோடு, மாமியாரைப் பார்த்துக்கொள்ள வரும் ஆளுக்கு நாளைக்கு 600 ரூபாய் வீதம் இரண்டு நாளுக்குக் கொடுக்கும் 1,200 ரூபாயும் அந்தப் பயணத்தின் செலவுதான். (கூலி விவரத்தை நீங்கள் எழுதவில்லை, ஒரு மதிப்பீடாக வைத்திருக்கிறேன்.) அதை வீட்டுச் செலவில் எழுதாமல் உங்கள் கணக்கில் எழுதினால், நீங்கள் வீட்டில் இருக்கும் நாட்களில் செய்யும் வேலையின் மதிப்பும் அந்தப் பேரேட்டில் தானாகவே பதிவாகிவிடும். ஆக ஒரு பயணம் 6,200 ரூபாய். கையில் உள்ள பணத்தில் மூன்று பயணம் போனால் 18,600 ரூபாய் செலவாகி, 3,500 ரூபாய் அவசரத்துக்கு நிற்கும். இந்த ஆண்டுக்கு வெளியூர் மூன்றுதான்.

அந்த மூன்றையும் விற்பனையை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். 350 ரூபாய் விலையுள்ள நாவலுக்கு 10 சதவீத ராயல்டி என்றால் பிரதிக்கு 35 ரூபாய். 6,200 ரூபாயை ஈட்ட 178 பிரதிகள் விற்றாக வேண்டும். ஒரு மாலைக் கூட்டத்தில் அது நடக்காது. பதிப்பகம் சம்மதித்து 40 சதவீதக் கழிவில் பிரதிகள் வாங்கி நீங்களே விற்றால் பிரதிக்கு 140 ரூபாய் நிற்கும்; அப்போதும் 45 பிரதிகள் வேண்டும். ஆகவே பயணம் என்பது உங்கள் தொழிலில் போடும் முதலீடு. அதன் பலன் அடுத்த நாவலுக்கும் அதற்கடுத்த நாவலுக்கும் மெதுவாகத்தான் வரும். புதிய வாசகர்களும் நூலகத்தாரும் கல்லூரித் துறையினரும் வரும் இடங்களுக்கு முதலிடம் கொடுங்கள். ஏற்கெனவே அறிந்த நண்பர்களே மேடையிலும் எதிரிலும் அமரும் கூட்டங்களைத் தயங்காமல் விடலாம்.

2022 முதல் தமிழக அரசு மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்த ஏற்பாடு செய்துவருகிறது. சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை ஆகிய மூன்றுக்கும் நீங்கள் காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். இவற்றை மேலே சொன்ன மூன்று வெளியூர்ப் பயணங்களுக்குள் சேர்க்க வேண்டாம். இந்த ஆண்டு வரும் மதிப்பூதியத்திலிருந்து போய் வாருங்கள். உங்கள் ஊர் அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு நிகழ்ச்சி என்றால் செலவே இல்லை.

சென்னைப் புத்தகக் காட்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மார்கழியில் பிள்ளையார் நோன்பு, தையில் பொங்கல், பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் என்று உங்கள் பக்கத்தில் வீடே நிறைந்திருக்கும் காலத்தில்தான் அந்தக் காட்சியும் வருகிறது. வரும் ஜனவரியில் அதோடு மகளின் பொதுத்தேர்வு ஆயத்தமும் சேர்ந்துகொள்ளும். புத்தகம் சென்னையில்தான் அதிகம் விற்கும் என்பதால் போகவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் இந்த முறை இரண்டு நாள் போதும். நாட்காட்டியில் வீட்டு விசேஷங்களையும் தேர்வு நாட்களையும் முதலில் குறித்துவிட்டு, எஞ்சிய நாட்களை மட்டும் அழைப்பவர்களுக்குக் கொடுங்கள்.

அழைப்பு வந்தவுடன் ஒப்புக்கொள்ளும் பழக்கத்தையும் மாற்ற வேண்டும். "போக்குவரத்தும் தங்குமிடமும் தங்கள் பொறுப்பா, மதிப்பூதியம் எவ்வளவு என்று தெரிவித்தால், வீட்டில் கலந்துகொண்டு தேதியை உறுதி செய்கிறேன்" என்று எழுதிக் கேளுங்கள். இதில் கூச்சத்துக்கு இடமே இல்லை. பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் பணம் கொடுத்துக் கூட்டம் நடத்துகிறவர்கள், பேச வருகிறவருக்கு ரயில் கட்டணமாவது கொடுப்பதுதான் முறை. வெளிநாட்டு அழைப்பு என்றால், டிக்கெட்டையும் அவர்களே எடுத்துத் தந்தால் மட்டும் போங்கள்.

உங்களுக்கு வேறு வருமானம் இல்லை என்றால், பிடித்த 8,400 ரூபாய் உங்களுக்குத் திரும்ப வர வேண்டிய பணம். ஆண்டு வருமானம் 1,14,000 ரூபாய்தான். வரி எதுவும் வராது. ஆனால் வரி வராது என்பதற்காக ரிட்டன் தாக்கல் செய்யாமல் இருந்தால் அந்தப் பணம் அரசிடமே தங்கிவிடும். வருமான வரி இணையதளத்தில் உங்கள் பான் எண்ணில் அந்தப் பிடித்தம் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, கெடுவுக்குள் ரிட்டன் போட்டு ரீஃபண்ட் வாங்கி, அதை மகளின் கல்லூரிச் சேமிப்பில் போடுங்கள்.

பதிப்பக ஒப்பந்தங்களையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிக்கப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும்; அதன்பின் வேறு பதிப்பகத்தோடு பேச உங்களுக்கு வழி உண்டு. எழுதியவரின் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும் என்பதால், அது வீடு, நிலம் போலப் பிள்ளைகளுக்குச் சேரும் சொத்து. உயில் எழுதும்போது மூன்று நாவல்களின் பெயரையும் தனித்தனியாகக் குறிப்பிட்டு, ராயல்டி யாருக்குச் சேர வேண்டும், மறுபதிப்புக்கு யார் கையெழுத்திட வேண்டும் என்பதையும் தெளிவாக எழுதி வையுங்கள். ஒப்பந்த நகல்களைத் தனிக் கணக்கின் பாஸ்புக்கோடு ஒரே கோப்பில் வைத்து, அது இருக்கும் இடத்தைக் கணவரிடமும் மகளிடமும் சொல்லிவிடுங்கள்.