எட்டு மாதமாக எடை தூக்குகிறேன், உடம்பில் மாற்றமே இல்லை. பயிற்சிகளை மாற்ற வேண்டுமா?

கேள்வியில் இருக்கும் விவரம் இது: வாரம் நான்கு நாள் ஜிம். பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் படுத்து எடையை மேலே தள்ளுவது) 40 கிலோ, ஸ்குவாட் (எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) 50 கிலோ, எல்லாமே மூன்று செட், பன்னிரண்டு ரெப்ஸ். ஒரு தூக்கு ஒரு ரெப், இடைவிடாமல் தூக்கும் ஒரு தொகுதி ஒரு செட். முதல் இரண்டு மாதம் வேகமாக முன்னேற்றம், அப்புறம் எதுவும் நகரவில்லை. 'தசைக்குப் பழகிப் போச்சு, பயிற்சியை மாத்து' என்கிறார் கூடத் தூக்கும் நண்பர்.

பயிற்சிகளை மாற்ற வேண்டாம். மாற வேண்டியது பாரில், அதாவது பிளேட் மாட்டும் இரும்புக் கம்பியில், இருக்கும் எடை. ஆறு மாதமாக அதே 40, அதே 50 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 40 கிலோவைப் பன்னிரண்டு முறை தூக்க எவ்வளவு தசை வேண்டுமோ அவ்வளவை உடம்பு எப்போதோ சேர்த்துவிட்டது. அதற்கு மேல் வளர்க்க அதற்குக் காரணம் எதையும் நீங்கள் கொடுக்கவில்லை.

முதல் இரண்டு மாத வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் மனம் உடைந்துபோவது இங்கேதான். ஆரம்பத்தில் கூடும் பலத்தில் பெரும்பங்கு புதுத் தசையால் வருவதில்லை. ஏற்கெனவே இருக்கும் தசையை ஒன்றாக இழுத்து வேலை வாங்க நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தப் பாடம் முடிந்த பிறகு தசை பருத்தால்தான் பலம் கூடும். அது மெதுவாக நடக்கும் வேலை, சுமை கூடிக்கொண்டே போனால் மட்டும் நடக்கும் வேலை.

இதை மருத்துவத்துக்குள் முறையாகக் கொண்டுவந்தவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் அடிபட்டு வந்த வீரர்களுக்கு, லேசான எடையைப் பலமுறை தூக்க வைப்பதுதான் அப்போது வழக்கம். டிலோர்ம் தானே எடை தூக்குபவர். பத்து முறைக்கு மேல் தூக்க முடியாத அளவுக்குக் கனமான எடையைக் கொடுத்து, பலம் கூடக்கூட எடையையும் கூட்டினார். 1945இல் அதை வெளியிட்டார். பிறகு அதையே மூன்று செட்டாகச் சுருக்கினார்: அந்தப் பத்து ரெப் எடையில் பாதி, முக்கால், முழுசு. இன்றும் எல்லோரும் சொல்லும் 'மூணு செட், பத்து ரெப்ஸ்' அந்த வழியில் வந்ததுதான். ஆனால் அதன் உயிரே எடையைக் கூட்டுவதில் இருந்தது. கணக்கு நிலைத்தது, கூட்டுவது மறந்துபோனது.

சரி, நடைமுறைக்கு வருவோம். வாரம் மூன்று நாள் போதும், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் பாரைத் தூக்கி நிமிர்வது), ஓவர்ஹெட் பிரஸ் (நின்றபடி தலைக்கு மேல் தள்ளுவது), பார்பெல் ரோ (குனிந்து நின்று பாரை வயிற்றை நோக்கி இழுப்பது). பெரிய தசைகள் எல்லாமே இந்த ஐந்துக்குள் வந்துவிடும். மூன்று செட், செட்டுக்கு ஐந்து ரெப்ஸ். பதினைந்தும் ஒழுங்காக வந்தால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டுங்கள், அதாவது பக்கத்துக்கு ஒரு 1.25 பிளேட். வரவில்லை என்றால் அதே எடையில் இன்னொரு முறை.

இதில் ஒரு சிக்கல் உண்டு, அதை முன்பே தெரிந்துகொண்டால் குழப்பம் வராது. 80 கிலோ ஸ்குவாட்டில் 2.5 கிலோ என்பது சுமார் 3 சதவீதம். 30 கிலோ ஓவர்ஹெட் பிரஸ்ஸில் அதே பிளேட் 8 சதவீதத்துக்கு மேல். அதனால்தான் தோள் பயிற்சி எல்லோருக்கும் முதலில் நின்றுபோகிறது. அரைக் கிலோ பிளேட் கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டம்பெல்லில் இது இன்னும் மோசம்: 10இலிருந்து 12.5க்குப் போவது 25 சதவீதத் தாவல். அங்கே ரெப்ஸை முதலில் கூட்டுங்கள். எட்டில் தொடங்கி, எல்லா செட்டிலும் பன்னிரண்டு வந்த பிறகே அடுத்த டம்பெல்லை எடுங்கள், மறுபடி எட்டிலிருந்து.

எவ்வளவு கஷ்டப்பட வேண்டும் என்பதை பாரின் வேகம் சொல்லும். கனமான ஸ்குவாட்டில் முதல் மூன்று ரெப்ஸ் ஒரே சீராக எழும். நான்காவதில், தொடை கிடைமட்டத்தைத் தாண்டிச் சற்று மேலே வரும் இடத்தில் பார் திணறி மெதுவாகும். ஐந்தாவதில் அந்த இடத்தில் கிட்டத்தட்ட நின்று, பிறகு எழும். அந்த மெதுவான ரெப்ஸ்தான் உங்களுக்கு வேண்டியவை. தசையிலுள்ள பெரிய மோட்டார் யூனிட்கள் (ஒரு நரம்பும் அது இயக்கும் தசை நார்களும் சேர்ந்தது ஒரு யூனிட்) வேலை கடுமையாகும்போதுதான் முழுமையாக இறங்கி வரும். இன்னும் ஒன்றிரண்டு ரெப் வரும் என்ற நிலையில் செட்டை முடியுங்கள். முழங்கால் உள்பக்கம் மடிந்தோ, இடுப்பு முதலில் எழுந்து முதுகு குனிந்தோ வந்த ரெப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒரு நோட்டு வேண்டும். போனில் எழுதினாலும் சரி. 'ஸ்குவாட் 60: 5, 5, 4' என்று ஒரு வரி. அடுத்த முறை உள்ளே நுழையும்போது என்ன செய்ய வேண்டும் என்று அந்த 4 சொல்லிவிடும். எழுதாமல் தூக்குபவர்கள் ஞாபகத்தில் நிற்கும் சௌகரியமான எடைக்கே திரும்பத் திரும்பப் போய்விடுகிறார்கள். நண்பர் சொல்வதுபோல வாரம் ஒரு புதுப் பயிற்சி செய்தால் ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய எண்ணே இருக்காது. நான் அதை எதிர்ப்பது இதற்காகத்தான்.

என்றாவது நின்றுதான் போகும். ஒரே எடை தொடர்ந்து மூன்று முறை தோற்றால் 10 சதவீதம் குறைத்து மறுபடி ஏறுங்கள். அதுவும் பலிக்காவிட்டால், ஒவ்வொரு முறையும் கூட்டுவதை விட்டுவிட்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டுங்கள். அதற்கு முன் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பாருங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் நல்ல இலக்கு, 65 கிலோ ஆளுக்குச் சுமார் 105 கிராம். செட்டுக்கு இடையே மூன்று நிமிடம் தாராளமாக உட்காருங்கள். மறுநாள் வலி வந்ததா இல்லையா என்பதை அளவுகோலாக எடுக்க வேண்டாம். மூட்டில் சுருக்கென்று குத்தும் வலி வந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் தொடங்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன். எடையை (1 + ரெப்ஸ் ÷ 30) ஆல் பெருக்கினால் ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய எடை உத்தேசமாகக் கிடைக்கும். 40 கிலோ பன்னிரண்டு முறை என்றால் 56. அதை ஐந்து ரெப்புக்கு அதே முறையில் திருப்பி வகுத்தால் சுமார் 48 ஆகும். ஸ்குவாட்டில் அதே கணக்கு ஐந்து ரெப்புக்கு 60 தருகிறது. இரண்டிலும் கொஞ்சம் கீழே, பெஞ்ச் 45, ஸ்குவாட் 55 என்று தொடங்குங்கள். டெட்லிஃப்ட் புதிது என்றால் 40 கிலோவில் ஒரே செட், தெரிந்த ஒருவர் பக்கவாட்டில் நின்று முதுகைப் பார்க்கட்டும். சிறிய பிளேட் போட்டால் பார் தரைக்கு மிக அருகில் கிடக்கும். அடியில் கட்டை வைத்து, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே வரும்படி உயர்த்திக்கொள்ளுங்கள்.