பைக் சத்தம் கேட்டதும் எடுக்கிற புத்தகம்

கேள்வி: நான் எங்கள் சபையின் நிர்வாகத்தைக் கவனிக்கிற சேகரக் கமிட்டியில் உறுப்பினர். சட்டென்று கோபப்படுவது என் பலவீனம் என்று எனக்கே தெரியும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் எல்லார் முன்னாலும் இதைப் பாவம் என்று அறிக்கையிட்டு அழுதும் விடுதலை இல்லை. அப்போஸ்தலன் பவுல் தன் உடம்பில் நீங்காமல் இருந்ததாகச் சொன்ன முள்ளைப் போல இதையும் சுமக்க வேண்டியதுதானா? மற்றபடி வீட்டில் குறை ஒன்றும் இல்லை. மனைவி அனுசரித்துப் போகிறவள். பத்து வயது மகன் பொறுப்பானவன். தெருமுனையில் என் பைக் சத்தம் கேட்டாலே டிவியை அணைத்துவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவான்.

பதில்: சகோதரரே, உங்கள் கடைசி வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அதைப் பொறுப்பு என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? தெருவில் எத்தனையோ பைக் போகும். அத்தனையிலும் அப்பாவின் வண்டி எது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிகிறது. கண் டிவியில், காது தெருவில் என்று தினமும் சாயந்தரம் உட்கார்ந்திருக்கிறான். அது பயம். அனுசரித்துப் போகிற மனைவிக்கும் அதே பயம்தான் இருக்கும்.

பவுலை இதில் இழுக்காதீர்கள். அவருடைய முள் அவர் மாம்சத்தில் குத்தியது, வலித்ததும் அவருக்கே. அதை எடுத்துவிடும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். உங்கள் முள் குத்துவது உங்கள் மகனை. சுமக்கிறவனும் அவன்தான்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இருக்கிறவர்களை நீங்கள் ஒரு நாளும் திட்டியதில்லை. அழுதால் தோளைத் தட்டிக்கொடுப்பார்கள், ஸ்தோத்திரம் சொல்வார்கள். அங்கே அறிக்கையிடுவது சுலபம். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிக்கிற சகேயு அப்படிச் செய்யவில்லை. அநியாயமாய் வாங்கினதை வாங்கின ஆளுக்கே நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்றான். உங்கள் கடன் வீட்டுக்குள் இருக்கிறது.

வேதாகமத்தில் கொலோசெயர் 3ஆம் அதிகாரத்தில் பிள்ளைகள் பெற்றாருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற 20ஆம் வசனத்தை ஞாயிறு பள்ளியில் உங்கள் மகன் மனப்பாடம் பண்ணியிருப்பான். அடுத்த வசனம் தகப்பன்களுக்கு. பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள் என்கிறது. அதை யாரும் நம்மை மனப்பாடம் பண்ணச் சொல்வதில்லை. தகப்பனுக்குக் கொடுத்த அதிகாரம் பிள்ளை நடுங்குவதற்கு அல்ல என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்று ராத்திரி குடும்ப ஜெபத்துக்கு முன்னால், மனைவியும் கேட்க, மகனிடம் மன்னிப்புக் கேளுங்கள். எந்த நாள், என்ன வார்த்தை என்று சொல்லிக் கேளுங்கள். ‘ஆனால் நீயும்...’ என்று தொடங்க வேண்டாம். அவன் பதில் சொல்லாமல் இருந்தால் வற்புறுத்தாதீர்கள். கை நீட்டுவதுண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டென்றால் போதகரோடு மனநல ஆலோசகரையும் பாருங்கள், அது விசுவாசக் குறைவு ஆகாது. அப்புறம், மகனிடம் பேசி முடிக்கும்வரை வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இந்தக் கோபத்தைப் பற்றி வாய் திறக்காதீர்கள்.